இப்ப சொல்லேலாது

கஸ்தூரியார் வீதியில் வாங்கின ஹாட் டிஸ்க்.
பெட்டியில் பெயரில்லை. விலை மட்டும்
நீலப் பேனாவால், வெட்டித் திருத்தி.

கொக்குவிலில் கரண்ட் வந்த பிறகு
பதினொன்றே காலுக்குக் கேட்கிறேன்:
தொண்ணூற்று மூன்றாம் கட்டளை தெரியுமோ உனக்கு?
ஒரே கட்டத்தை ஆயிரம் இடத்தில் பதிப்பது.

ஓம் என்றால் ஒரு வரியில் முடியும் வேலை.
இல்லையென்றால் ஒவ்வொன்றாய் எழுதுவேன், கோபமில்லை.
மூன்றாவதாயும் ஒரு பதிலை விதி அனுமதிக்கிறது:
இப்ப சொல்லேலாது.

இது மூன்றையும் சொல்லவில்லை.
முப்பது விநாடி, விளக்கு எரிந்தபடி.
பிறகு பஸ்ஸை விட்டே இறங்கிப் போய்விட்டது
மிச்சக் காசும் வாங்காமல்.

கழற்றிப் பூட்டினேன். மறுபடியும்.
வாசி என்றால் வாசிக்கிறது
எழுது என்றால் எழுதுகிறது
என்னென்ன தெரியும் என்றால்தான் விழுகிறது.

அமலதீபனுக்குக் கோல் எடுத்தேன், விற்றவன், குருநகர்.
நித்திரைக் குரல்:
'அண்ணை, ஓடுதெல்லோ?
பிறகென்னத்துக்கு விசாரணை?'

கேட்கக்கூடாதவர்களின் பட்டியல் ஒன்று
கேர்னலுக்குள் இருக்கிறது.
செய்தவன் பெயர், மாதிரி எண், பக்கத்தில் ஒரு கொடி.
கீழே இதையும் சேர்த்தேன்.
காரணம் எழுத வேண்டும்.
'கேட்டால் விழும்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
'கேளாமல் விட்டால் நன்றாய் ஓடும்.'

இப்போது பூச்சியம் பூச்சியமாய்
ஒவ்வொரு கட்டமாய் எழுதிக்கொண்டிருக்கிறது.
இன்னும் பதினொரு மணித்தியாலம் என்கிறது திரை.
காலை எட்டுக்குக் கரண்ட் போகும்.
அதை இதற்குச் சொல்லவில்லை.