நாலு சென்ட்

ஈத்தன்விளையில் பஸ் விட்டு இறங்கினேன்.
விளை என்றால் எங்கள் பக்கம் தோட்டம்.
தரகர் ஏசுவடியான் வாயில் மட்டும்
அது விலை என்றே விழுந்தது.
வெற்றிலையாலா, பல் போனதாலா,
தெரியவில்லை.

"வஸ்து தங்கமாக்கும், மக்களே.
ரோடு வரப்போவுது.
இப்ப வாங்கிப் போட்டா
கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள ரெட்டிப்பாவும்."
ரோடு வருமென்று அவர் கைநீட்டிய திசையில்
ஒரு ஆடு நின்று
எங்களைப் பார்த்தது.

எனக்கு இருபத்தாறு.
மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில்
பிறர் வயிற்றுக்குள் இருப்பதற்கு
ரசீது போடுகிற வேலை.
முப்பதுக்குள் ஒரு சொத்து என்று
ராத்திரி போனில் ஒருவன் சத்தியம் செய்வான்.
அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த கட்டடம்
வெறும் படம் என்று
பத்தாவது வீடியோவில்தான் கண்டுபிடித்தேன்.
அதற்குள் ஆசை பிடித்துவிட்டது.

ஐந்து வருடச் சீட்டு இரண்டு லட்சம்.
மாலையும் வளையலும் பாங்குக்குப் போய்
ஒன்று நாற்பது.
ஷைபி தந்தது ஒன்று.
ஆக நாலு நாற்பது, நாலு சென்ட்.
பத்திரச் செலவென்று ஒன்று இருப்பதை
கூட்டி முடித்த பிறகுதான் சொன்னார்கள்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
முப்பது வருடம், ஒன்பது பக்கம்.
யாரோ ஒற்றி வைத்திருக்கிறார்,
யாரோ மீட்டிருக்கிறார்.
ஒரு தங்கை விடுதலை எழுதிக் கொடுத்திருக்கிறாள்;
என்ன மனசோடு என்பதற்குக் கட்டம் இல்லை.
வடக்கே நடைபாதை.
கிழக்கே, செத்துப்போன ஒருவரின் பெயர்.
கடைசிப் பக்கத்தில் தான செட்டில்மென்ட்,
வாங்கியவன் பிரஜின்.
தகப்பன் பெயரையும் பார்த்தேன்.
ஒன்பதாம் வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து
என் காம்பஸைக் கடன் கேட்டவன்.

அளக்கிற அன்று அவனும் வந்திருந்தான்.
ஆள் பற்றாமல்
டேப்பின் ஒரு முனையை அவனும்
மறுமுனையை நானும் பிடித்தோம்.
தெற்கு மூலையில், எல்லைக் கல்லை ஒட்டி,
ஒரு வருக்கைப் பிலா.
"மரம் யாருக்கு?" என்றேன்
வாங்குகிறவளின் குரலில்.
அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது
அன்றுதான் எனக்கே தெரியும்.

"குவைத்துக்கு விசா. ஏஜென்ட் மூணே முக்கால் கேக்கான்.
மிச்சம் அம்மைக்கு" என்றான்.
அப்படிப் போகாமல் இருக்கத்தான்
நான் மண் வாங்குகிறேன் என்று
சொல்ல வந்து
டேப்பைச் சுருட்டினேன்.

பத்தாயிரம் குறைக்கச் சொல்லி
வீட்டிலேயே மனப்பாடம் செய்து போயிருந்தேன்.
கேட்டேன்.
குறைத்தான்.
இன்னும் உறுத்துவது அதுதான்:
உடனே குறைத்தான்.
அந்தப் பத்தாயிரம்
தரகுக்கும் டீக்கும் சரியாகப் போனது.

சார்பதிவாளர் ஆபீசில்
ஒரே கேமராவுக்கு முன்னால்
மாறி மாறி உட்கார்ந்தோம்.
அவன் கைரேகை மூன்று தடவை எடுபடவில்லை.
ரப்பர் பால் வெட்டுகிற விரல்.
ஜீன்ஸில் துடைத்துத் துடைத்து வைத்தான்.
நாலாவது தடவை
அவன் அவன்தான் என்று இயந்திரம் ஒத்துக்கொண்டது;
உடனே அவனுக்கு நிலம் இல்லை.

வெளியே வந்து கேட்டான்:
"இந்த வருசத்துச் சக்கை மட்டும்
அம்மை பறிச்சுக்கிடட்டா?"
அதிலுள்ள சகல மரங்களும் என்று
பத்திரத்தில் எட்டாவது வரி.
பறிக்கட்டும் என்றேன்.
தர்மம் செய்தவள்போல
ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றுவிட்டேன்.
பிறகு செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன்.

ஞாயிறுதோறும் ஸ்கூட்டியில் போய்ப் பார்க்கிறேன்.
அது ஒன்றும் செய்யவில்லை.
தொட்டாவாடி முளைத்துக் கிடக்கிறது.
பாங்கில் வட்டி வளர்கிறது.
ரோடு வருகிற திசையில் ஆடு குட்டி போட்டிருக்கிறது.
இதுவரை ரெட்டித்தது அதுதான்.

நேற்று ஏசுவடியான் போன் செய்தார்:
"சென்டுக்குப் பதினைஞ்சு கூட வச்சுத் தாறான் ஒருத்தன்.
குடுக்கியளா?"
அறுபது என்று
எனக்கு முன்னால் மனசு பெருக்கிவிட்டது.
பார்ப்போம் என்றேன்.

மரத்தில் சக்கை ஏழு.
எண்ணி முடித்த பிறகுதான்
எண்ணுவதைக் கவனித்தேன்.