வரை

ஊப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்,
ஆற்றுக்கு மேலே, இரும்புக் கால்களுக்கு நடுவே
வௌவால் மாதிரி.
ஃபோவிங்கலில் ஒரு வளைவு, ஓபர்பார்மனில் ஒரு வளைவு.
அங்கே போய்த் திரும்பி இங்கே வந்து திரும்பி
அதற்குக் களைப்பில்லை.
எனக்கு இருந்தது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
எட்டு மணிநேரம் படுக்கை விரிப்பு மடித்த கையோடு
செவ்வாயும் வியாழனும் வகுப்புக்கு ஏறுவேன்.

செவ்ஜான் பாடம் எடுக்கிறாள், என்னைவிட ஏழு வயது இளையவள்.
பலகையில் ஒரு வட்டம் போட்டு
வட்டத்துக்கு ஒரு வாசல் வைத்து
வாசலில் ஒரு கேள்வியை நிறுத்தினாள்.
ஆம் என்றால் இன்னொரு சுற்று.
இல்லை என்றால் வெளியே.
வேறு பதில் கிடையாது.

என்னிடம் 'வரை' இருந்தது.
மழை வரும் வரை நில் என்றால்
வானத்தைப் பார்த்து நிற்பேன்.
மழை பெய்யும் வரை நில் என்றால்
கூரைக்குக் கீழே நிற்பேன்.
ஒரே சொல்தான்; ஒருநாளும் குழம்பியதில்லை.
ஜெர்மன்காரர் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள்.
இயந்திரமும் அவர்கள் பக்கம்.

ஐந்து முறை வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி.
ஐந்து ஆகும் வரை சொல் என்று
மனசுக்குள் தமிழில் சொல்லி
அப்படியே எழுதினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
எண் ஐந்தா என்று வாசலில் கேட்டிருக்கிறது,
இல்லை, ஒன்று.
அதோடு போய்விட்டது, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல்.

சரி. ஐந்தைவிடச் சிறிதாய் இருக்கும் வரை.
இப்போது வணக்கம் வந்தது.
வணக்கம் வணக்கம் வணக்கம் வணக்கம்
திரை வழிந்து, மேசை வழிந்து,
ஆற்றில் போய் விழுந்துவிடும்போல
வணக்கம் வணக்கம்.
பக்கத்துக் கதிரை ஹலீனா,
பேக்கரியிலிருந்து நேரே வருபவள், முழங்கையில் மாவு,
விழுந்து விழுந்து சிரித்தாள்.
உன் நாட்டில் இவ்வளவு மரியாதையா?

செவ்ஜான் இரண்டு விசையை அழுத்தி அதன் கழுத்தைப் பிடித்தாள்.
எண்ணைக் கூட்ட மறந்துவிட்டாய்.
உள்ளே ஏதாவது மாறினால்தானே
வாசலில் பதில் மாறும்?

அன்று இரவு அரிசி கழுவினேன்.
தண்ணி தெளியும் வரை என்பார்கள்.
தெளியவே தெளியாது, எனக்குத் தெரியும்;
மூன்றாம் தண்ணியோடு
தெளிந்தது என்று நானே சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை அலுவலகம். பதினோராவது தடவை.
போ என்றும் சொல்லாமல் இரு என்றும் சொல்லாமல்
ஒரு தாள் தருவார்கள்.
அதே வரிசை, அதே ஏழு கேள்விகள்,
முத்திரை மட்டும் புதுசு, பங்குனி வரைக்கும்.
எதுவரைக்கும் இப்படி என்று கேட்டேன்,
இவ்வளவு நாளில் முதல்முறையாக.
மறு அறிவித்தல் வரை, என்றாள் அந்தப் பெண்,
கெட்டவள் இல்லை, தடிமனாக்கும், மூக்கு சிவந்திருந்தது.
எனக்குச் செவ்ஜானின் வாசல் ஞாபகம் வந்தது.
மொழி படித்தேன், வரி கட்டினேன்,
ஆயிரக்கணக்கில் விரிப்பு மடித்தேன்.
உள்ளே எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வந்தேன்.
அவர்கள் கேட்பது வேறு எண்ணை.
அது எந்த அறையில் இருக்கிறது என்று
அவளுக்கும் தெரியாது.

வியாழன்.
எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்று
ஒரு வரி சேர்த்தேன்.
வணக்கம்
வணக்கம்
வணக்கம்
வணக்கம்
நின்றது.
நான் சொன்ன இடத்தில் ஒன்று நின்றது.

நாலுதான் இருக்கு, என்றாள் ஹலீனா.
ஓம். ஐந்து வாசல்வரை வந்திருக்கிறது,
ஐந்தைவிடச் சிறிதா என்று கேட்டால்
பாவம், அது என்ன சொல்லும்.

திருத்த ஒரு குறி போதும். தெரியும்.
கடைசி ரயிலுக்கு ஆறு நிமிடம் இருந்தது.
மூடாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நாலு வணக்கத்துக்குக் கீழே
மின்னி மின்னி
ஒன்றும் கேட்காமல் காத்திருந்த அந்தச் சின்னக் கோட்டை.