கசிவு பார்க்கிறவன்

மாநகராட்சிக் குழாயில் பதினாலு வருஷம்.
முதுநகரில் எந்தத் தெருவில் எந்த மூட்டு
மழைக்கு முன்னால் வாய் திறக்கும் என்று
மண்ணை மிதித்தே சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்டவன்
ஐப்பசிக் கடைசியில் வந்த இரண்டு பேரிடம்
தோற்றுப்போனேன்.

முதலில் வந்தவள் ஒரு கிலோ தொள்ளாயிரம்.
பதினோரு நிமிஷம் தாமதித்தவன்
இரண்டு கிலோ நூறு.
நாளைக்கு இருபத்துநாலு தடவை என்று
காலண்டர் தாளின் பின்பக்கம்
கோடு போட்டு எண்ணினாள் சுபாஷினி.
வேட்டித் துணி முக்கோணம் முழங்காலுக்கு நழுவியது.
கடை டயப்பரில் அவளுக்குத் தொடை சிவந்தது.
அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை,
மாசக் கடைசியில் எனக்குத்தான் ஆனது.

எதிர்வீட்டு ஷகிலா பானு
தன் பையன் போட்டுக் கழித்ததில் மூன்று கொடுத்தார்,
மூன்றும் மூன்று விதம்.
"கம்ஃபர்ட் மட்டும் ஊத்திடாதீங்க அண்ணா,
அப்புறம் துணி தண்ணியே குடிக்காது."

வாசல் சிமெண்டில் விரித்தேன்.
பாலாடையால் அளந்து அளந்து தண்ணீர் விட்டேன்
(எதால் அளந்தேன் என்பதை
சுபாஷினி பார்த்துவிட்டாள், அது வேறு கதை).

எல்லாம் ஒன்றாய்த் தைத்தது முதலாவது.
எடுத்தோமா, மாட்டினோமா, அவ்வளவுதான்.
ஆனால் கார்த்திகை அடைமழையில்
இரண்டு நாள் தொங்கியும் நடுவயிறு காயாமல்
நனைந்த நாய்க்குட்டி வாடை.
இரண்டாவதில் வெல்க்ரோ.
ராத்திரி பிரித்தால் 'சர்ர்ர்' என்று கத்தும்.
ஒருத்தி விழித்தால் வீட்டில் இருவர் விழித்த கணக்கு.

மூன்றாவதில் டிச் பட்டன்.
உள்ளே ஒரு பை, பைக்குள் செருகி உருவுகிற பட்டை.
மேல்துணி ஃபேனுக்கடியில் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.
தொடைப் பக்கம் இரட்டை ரப்பர்.
விரல் விட்டு இழுத்துப் பார்த்தேன்.
அட, வாஷர்!
வாஷர் சரியாக உட்கார்ந்தால்
குழாய்க்கு என்ன, குழந்தைக்கு என்ன.

உட்காரவில்லை.
'எல்லா வயசுக்கும்' என்றது லேபிள்.
அவள் தொடை என் கட்டைவிரல் பருமன்.
முக்கால் இஞ்ச் குழாய்க்கு ஒன்றரை இஞ்ச் கப்ளிங் மாட்டினால்
எந்தத் தெருவும் தாங்காது.
சின்ன அளவு, திருப்பாப்புலியூரில் பன்னிரண்டுதான் இருந்தது.
பாக்கி இருபத்துநாலுக்குப் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன்.
"இத்தனை எதுக்கு சார்?"
"மழைக்கு."

பிறகும் பாடம் இருந்தது.
அவன் முன்பக்கம் நனைப்பான், அவள் நடுவில்.
ஒரே பட்டை, மடிப்பு வேறு.
வீட்டு போர் தண்ணீர் உப்பு,
அலசிக் காயப்போட்டால் அப்பளமாய் விறைக்கும்.
கடைசி அலசல் மட்டும் தெருக்குழாயில்,
காலை ஆறிலிருந்து ஏழு வரை
நானே வால்வு திருகி விடுகிற தண்ணீரில்.
அந்த ஒரு மணி நேரம்
ஊருக்குத்தான் விடுகிறேன் என்று
சத்தியம் செய்யமாட்டேன்.

நேற்று நடுராத்திரி
மஞ்சக்குப்பத்தில் மெயின் உடைந்தது.
இடுப்பளவுப் பள்ளத்தில் நாலு பேர்,
மேலே மழை, கீழே எங்கள் தண்ணீர்.
திரும்பும்போது மணி நாலு. கரண்ட் இல்லை.

டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு குனிந்தேன்.
தொடை மடிப்பில் புறங்கையை வைத்தேன், பழக்கதோஷம்.
அவள் காய்ந்திருந்தாள்.
அவன் காய்ந்திருந்தான்.
என் முடியிலிருந்து ஒரு சொட்டு
அவன் வயிற்றில் விழுந்தது.
முகத்தைச் சுளித்தான், அழவில்லை.

"வீட்டில் ஒழுகுவது நீங்கள் ஒருத்தர்தான்"
என்று கண் திறக்காமல் சொன்னவள்
கைக்கு அகப்பட்டதை எறிந்தாள்.
தலை துவட்டினேன்.
நன்றாகவே உறிஞ்சியது.
பாதி துவட்டியபோதுதான் கேட்டேன்,
இது துவைத்ததா, சுபா?

தூங்கிவிட்டிருந்தாள்.