மூன்று சொட்டு

நஸீர் பாய் கை படாமல் கொடுத்தார்,
போன வருட நாட்காட்டித் தாளில் சுற்றி.
"பூட்ஸ் வாங்க வந்த வெள்ளைக்காரன்
ஆசையா கொடுத்துட்டான்.
கொட்ட மனசில்ல, வைக்க இடமில்ல.
நீ தண்ணி டெஸ்ட் பண்றவன்தானே?"

தண்ணி என்றுதான் சொல்கிறோம்
இரண்டையும்.

ராணிப்பேட்டை. அக்னி நட்சத்திரத்தில் ஏழாம் நாள்.
கழிவுநீர் நிலையத்து ஆய்வகத்தில்
நானும் ஒரு மின்விசிறியும் இரவு ஷிப்ட்.
க்ளென் ஸ்காரவ் என்றது லேபிள்.
டாஸ்மாக் கம்பிக்கு வெளியே நின்று
இந்தப் பெயரை ஒருவரும் உச்சரித்திருக்கமாட்டார்கள்.
இரண்டு கொதிகலன், ஐந்து ஆட்கள்,
மலையிலிருந்து இறங்கும் ஒரு ஓடை.
பதினான்கு வருடம் பீப்பாயில் கிடந்ததாம்.
அப்போது நான் எம்.எஸ்ஸி. அரியர் எழுதிக்கொண்டிருந்தேன்.

வருடத்துக்கு நூற்றில் இரண்டு பங்கு
மரத்தின் வழியே காற்றோடு போய்விடுமாம்.
தேவதைகளின் பங்கு என்று
கணக்கில் எழுதுகிறார்கள்.
ஜன்னலுக்கு வெளியே பாலாறு,
கரையிலிருந்து கரைக்கு மணல்,
நடுவில் கிரிக்கெட் ஸ்டம்ப் மூன்று.
இங்கே எந்தத் தேவதைக்குப் பற்று எழுதினோம்
மொத்த ஆற்றையும்?

மூன்று சொட்டு நல்ல தண்ணீர் விடுங்கள்,
மணம் திறந்துகொள்ளும் என்றது துண்டுச்சீட்டு.

நல்ல தண்ணீர்.

போர்வெல்: டிடிஎஸ் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
லாரி எங்கே நிரப்பினான் என்று லாரிக்கே தெரியாது.
கேன் தண்ணீர் முப்பத்தெட்டு,
நாக்கில் பிளாஸ்டிக் மூடி.
வாலாஜா ரோடு தெருக்குழாய்க்கு வியாழக்கிழமை வரை காத்திருக்கவேண்டும்.
ஆய்வகத்தில் காய்ச்சி வடித்தது இருக்கிறது,
அது பாட்டரிக்கு ஊற்றுகிற செத்த தண்ணீர்.
எல்லாச் சாம்பிளுக்கும் எண் தெரிந்தவனுக்கு
ஒன்றையும் ஊற்றக் கை வரவில்லை.

மீட்டரைத் துடைத்து
விஸ்கியிலேயே முக்கினேன்.
பதினாறு.
இந்த வருடம் நான் பார்த்த மிகச்சிறிய எண்.
சாராயத்தில் மீட்டர் பொய் சொல்லும், தெரியும்.
இருந்தாலும் ரிஜிஸ்டரில்
பென்சிலால் எழுதிவைத்தேன்:
ஓடை, பெயர் வாயில் நுழையவில்லை. நிறம் உண்டு. புகார் இல்லை.

பிறகு தண்ணீர் இல்லாமலே
ஒரு வாய்.
தொண்டையில் ஈரச் சாக்கு கருகியது,
அப்புறம் ஏதோ பழம்,
அப்புறம் ரொம்ப நேரம்
மழை வருவதற்கு முந்தைய வாசல்.

காலையில் நஸீர் பாய் வந்தார்.
"ரிசல்ட் என்ன?"
தக்கையை மட்டும் நீட்டினேன்.
தோலைத் தொடாமலே
எந்தத் தொட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்று
மோந்து சொல்கிற மூக்கு அது.
எட்டவே நின்று
கண்ணை மூடினார்.

"ஆவாரம்பட்டை" என்றார்.
"பீப்பாய் மரத்தில் டானின் இருக்கு பாய்" என்றேன்.

"அப்போ இதையா குடிக்கிறாங்க?
ஒரு ஆட்டுத்தோலைப் போட்டுப் பாரு,
மூணே மாசத்தில
முதல் தரமா பதமாகும்."