மூன்றாம் காட்சி

ஆபிரிக்கான்ஸில் பிறந்த நாடகமாம்.
கேப்டவுனிலிருந்து தமக்கை அனுப்பி வைக்க
வசுமதி ரீச்சர் அதை
அளவெட்டிக்கு ஏற்றபடி வெட்டித் தைத்தா.

எறும்புதின்னியை இங்கே யாருக்கும் தெரியாது;
அது உடும்பாச்சு.
தீக்கோழி தீக்கோழியாகவே நின்றது,
பழைய சைக்கிள் ரியூப்பில் பஞ்சடைத்து
கழுத்தை நான் முதலே செய்து முடித்திருந்தேன்.
மீர்காட் என்ற சின்னச் சீவனுக்கு மட்டும்
மூன்று நாளாய்ப் பேர் தேடி
கடைசியில், போகட்டும், கீரி.

கீரி எழும்பி நின்று காவல் பார்க்கும்.
பருந்தைக் கண்டால் விசில் அடிக்கும்.
"வளைக்குள்ள! எல்லாரும் வளைக்குள்ள!"
அதிலிருந்துதான் பாட்டு.
துவாரகனுக்கு ஒத்திகையில் விசில் வரவேயில்லை.
முன்பல் இரண்டும் விழுந்த வாயால்
வெறும் காற்று.

அன்றைக்கு இரவு வந்தது.

வளை என்றால் இரண்டு மேசை, மேலே உரச் சாக்கு.
பதினேழு பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் பாய
உடும்பின் வால் வெளியே கிடந்தது.
முன்னால் பாயில் இருந்த சின்னதுகள் சிரித்துப் புரண்டன.
பின்னால் கதிரைகளில் ஒரு சத்தமில்லை.
சிவலோகன் மாஸ்டரின் விரல்
ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்தியபடி.
நான் பக்கத்துப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்,
யாரென்றே தெரியாது.

சாக்குக்குள் இருந்து ஒரு குரல்:
"ரீச்சர், தீக்கோழிக்கு இடம் காணாது!"

அதற்குத்தான் நாங்கள் சிரித்தோம்,
தேவைக்கு மேலே, கனநேரம்.
பருந்தாக வந்த பிள்ளை
போவதா நிற்பதா தெரியாமல்
மேடை நடுவில் நின்று
சிறகுக்குள் கைவிட்டுச் சொறிந்தாள்.