எண்பத்து நான்காம் படி

குன்றின் இழுவைப்பெட்டி பழுதென்று
துருக்கம்பியில் அட்டை தொங்கவிட்டு
பதினோரு மாதம் ஆகிறது.
வால்பரைஸோவில் எங்கள் வீட்டுக்கு
இப்போதெல்லாம் ஏறித்தான் வரவேண்டும்.
நூற்று அறுபத்தொரு படி.
எண்ணியது நானில்லை, மகள்.

நிபால்தோவுக்குத் துறைமுகத்தில் வேலை.
பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டுக்குள்
நாள் முழுக்க ஆகாயத்தில் உட்கார்ந்திருப்பான்.
கப்பலின் இரும்புப் பெட்டிகளை
விரலசைவில் எடுத்து
தீப்பெட்டிபோல் அடுக்குவான்.
உயரம் அவனுக்குப் பழசு,
ஏறுவதுதான் புதுசு.
கூண்டு வரைக்கும் லிஃப்ட் உண்டு.

ஆகஸ்ட் குளிரில் ஒருநாள்
மருத்துவர் ஒரு தாளில்
மூன்று எண்களைச் சுற்றி வட்டம் போட்டார்.
அதிகம் பேசவில்லை.

பேசுவதற்குத்தான் நான் இருந்தேனே.
அன்றிரவே ஃப்ரிட்ஜ் கதவில் படம் ஒட்டினேன்:
ஒரு கேரட், ஓடுகிற பையன், சிரிக்கிற பல்.
ராயேனுக்கு இப்போதே பழக்க வேண்டுமில்லையா,
ஆறு வயதாகிவிட்டது.
அவள் பையனுக்கு மீசை வரைந்தாள்.
கேரட்டுக்கும்.
சர்க்கரையைப் பற்றிச் சொன்னேன், எலும்பைப் பற்றிச் சொன்னேன்,
தலையாட்டிக்கொண்டே
சோபாவில் இன்னும் ஓர் அங்குலம் புதைந்தாள்.

அவன் எதுவும் சொல்லவில்லை.
சனிக்கிழமை காலை ஷூ தேடினான்.
"எங்கப்பா?"
"ரொட்டி வாங்க."
"மேல் கடையிலேயே இருக்கே?"
"கீழே இருக்கிறது நல்லாருக்கும்."
பொய். இரண்டு கடைக்கும் ஒரே அடுப்பு.
எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை,
என் வாழ்நாளில் அபூர்வமாக.

அடுக்களை ஜன்னலிலிருந்து
படிகள் மொத்தமும் தெரியும்.
காபிக் கோப்பையோடு நின்று பார்த்தேன்.
இறங்கும்போது இருவர்,
ஏறும்போது ஒரு மான்குட்டியும் ஒரு மூட்டையும்.
எண்பத்து நான்காம் படியில்,
மஞ்சள் சுவரில் யாரோ ஆக்டோபஸ் வரைந்திருக்கும் இடத்தில்,
அவன் குனிந்தான்.
லேஸை அவிழ்த்தான், கட்டினான்,
திரும்ப அவிழ்த்தான்.
முதுகு ஏறி ஏறி இறங்கியது.
பிறகு நிமிர்ந்து
ஒன்றுமே நடக்காத முகத்தோடு
"போகலாமா?" என்றிருப்பான்.

அடுத்த சனிக்கிழமையும் அதே படி, அதே லேஸ்.
கப்பல் கயிற்றுக்கே முடிச்சுப் போடத் தெரிந்தவனுக்கு
இது மட்டும் எப்படி வாராவாரம் அவிழும்?

நான்காவது வாரம்
ராயேனும் குனிந்தாள்.
அவளுடையது லேஸில்லாத ஷூ, ஒட்டுப்பட்டை.
சர்ரென்று பிரித்தாள், ஒட்டினாள், பிரித்தாள்.
முழங்காலில் ஒரு கையை ஊன்றி
கன்னம் உப்ப ஊதிவிட்டாள்.
களைப்பா அவளுக்கு?
உச்சிக்கு ஓடி இரண்டு தரம் திரும்புவாள்.
படியேறுவதென்றால் இப்படித்தான்
என்று நினைத்திருக்கிறாள்,
ரொட்டி கக்கத்தில், ஆக்டோபஸ் பக்கத்தில்,
குனிதல் அதில் ஒரு சடங்கு.

சிரித்தேன். சிரித்தபடியே
அவள் பொம்மை வீட்டைக் கவனித்தேன்.
அப்பா பொம்மை வாசலில் இருந்தது.
குட்டிப் பொம்மை அதன் பக்கத்தில்.
அம்மா பொம்மை
எப்போதும்போல் ஜன்னலோரம்,
கையில் ஒரு பாட்டில் மூடி.
அது கோப்பை.

நவம்பரில் அவனால்
நூற்று இருபது வரை நிற்காமல் வரமுடிந்தது.
ஆனாலும் எண்பத்து நான்கில் நிற்கிறான்.
அவள் நிற்கிறாளே.

போன சனிக்கிழமை மேலே வந்து
மூச்சு வாங்காமல் கேட்டாள்,
"அம்மா, உனக்குக் கால் வலியா?"
"இல்லையே."
"பின்னே ஏன் ஜன்னல்?"

கட்டிலடியில் கிடந்தது என் ஷூ.
வலதுக்கு லேஸ் இருந்தது.
இடதின் லேஸ், போன கோடையிலிருந்து,
பால்கனியில் தக்காளிச் செடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.
வெறும் துளைகளை விரலால் தடவிப் பார்த்தவள்
நிஜமாகவே கவலைப்பட்டாள்:
"அப்போ எண்பத்து நாலுல
நீ என்ன பண்ணுவே?"

நிபால்தோ ரொட்டியை மேசையில் வைத்தான்.
என்னைப் பார்க்காமல் பால்கனிக்குப் போய்
செடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.