முதல் வரிசை

கட்டிலுக்கடியில் இருநூற்றுப் பதினேழு பேய்கள்.
சிவகாசியிலிருந்து கப்பலில் வந்தவை,
பொருள் சேவை வரி கட்டி.
ஈரம் ஏறாமலிருக்க மாதம் ஒருமுறை
எடுத்துப் புரட்டிப் படுக்கவைக்கிறேன்.

எழுதியவள் நான். பிழை திருத்தியவள் நான்.
அட்டையில் கிணற்றுக்குள் மிதக்கும் கூந்தலும்
என்னுடையதுதான்
(குளியலறை வாளி, கைப்பேசிக் கேமரா).
ஈசூனில் பெட்டியோடு பேருந்து ஏறியபோது
ஓட்டுநர் கேட்டார்: என்னம்மா, அரிசியா?

நூலக வெளியீட்டில் நாற்பது நாற்காலி.
வந்தவர் ஒன்பது பேர்,
அதில் இருவர் குளிர்சாதனத்துக்காக.
முதல் வரிசை பத்தும் காலி.

அன்றிரவு புளோக்குக்குக் கீழே
ஏழாம் மாதக் கூடாரம், ஹொக்கியன் பாட்டு,
ஜிகினாச் சட்டை, ஊதுவத்திப் புகை.
அங்கும் முதல் வரிசை காலி.
உட்காரப் போன பையனின் காதைப் பிடித்து
இழுத்தார் கோ மாமா:
"அங்கே ஆள் இருக்கு."

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில்
ஒன்பதை அடித்துவிட்டுப்
பத்தொன்பது என்று எழுதினேன்.

நேற்று இரண்டு மணிக்கு ஒரு குரல்.
உட்லண்ட்ஸிலிருந்து இருளப்பன், காவலாளி.
"மின்தூக்கியில தனியா ஏற முடியலக்கா.
பதினோரு மாடி நடந்தே வந்தேன்.
பதினாறு வெள்ளியைத் திருப்பிக் குடுத்துடுங்க."
இப்படியொரு மதிப்புரை
எவர் எழுதியிருக்கிறார் எனக்கு!
உடனே அனுப்பிவிட்டேன், ஒரு வெள்ளி கூடுதலாக.
புத்தகம்?
"குப்பைக் குழாயில போட்டாச்சு."

விடியும்வரை தூக்கமில்லை, சந்தோஷத்தில்.
காலையில் பெட்டிகளை இழுத்து
எண்ணிப் பார்த்தேன்.
மறுபடி எண்ணினேன்.

இருநூற்றுப் பதினெட்டு.